பேரனின் பதினேழு இஞ்ச் சக்கரம்

பொங்கலுக்கு மூன்று நாள் முன்னதாகவே பேரன் வந்துவிட்டான். சென்னையிலிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ வருவான் என்று நினைத்திருந்தேன். செக்காலை ரோட்டில் எங்கள் தெரு திரும்பும் இடத்தில் ஒரு வேகத்தடை இருக்கிறது. யார் போட்டார்களோ, அதற்கு முன்னும் பின்னும் ஒரு கோடு கூடக் கிடையாது. அதில் 'டொம்' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் சிவப்பில் ஒரு கார். உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே இறங்குகிறான்.

"என் ஸ்போர்ட்ஸ் கார் எப்படி ஐயா?"

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் நான் இரண்டு கதவும் இரண்டு சீட்டுமாகக் கூரை இல்லாத வண்டியை நினைத்துக்கொண்டிருந்தேன். இது நாலு கதவு வைத்த ஃபோக்ஸ்வேகன் போலோ. ஜி.டி. என்று பின்னால் எழுத்து. 1200 சி.சி. எஞ்சின்தான், ஆனால் டர்போ வைத்து 105 குதிரைச் சக்தி. 2014 மாடல், செகண்ட் ஹேண்ட். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் காரைப் பார்த்து 'இது ஸ்போர்ட்ஸ் கார் இல்லையடா' என்று சொல்லும் தாத்தாவாக இருக்க எனக்கு விருப்பமில்லை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் போக்குவரத்துக் கழகத்தில் டயர் செக்ஷனில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன். காரைக்குடியைத் தலைமையிடமாக வைத்து மருதுபாண்டியர் பெயரில் கழகம் இருந்த காலத்திலிருந்தே. என் கை வழியாகப் போன டயர்களை அடுக்கினால் குன்றக்குடி மலை உயரம் வரும் என்று விளையாட்டாகச் சொல்வேன். அதனால்தானோ என்னவோ, அன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் பயல் செல்போனை எடுத்து நீட்டினான்.

"ஐயா, இந்த வீல் போடப் போறேன். பதினேழு இஞ்ச். எப்படி இருக்கு?"

படத்தில் கறுப்பு அலாய் ரிம். ஆரக்கால்கள் கத்தி மாதிரி. டயர் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை, ரிம்முக்குக் கறுப்பு ரிப்பன் சுற்றியது போல் இருந்தது. கோயம்புத்தூரில் ஒரு கடையில் பேசி வைத்திருக்கிறானாம். அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்று கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"கணக்குப் போட்டியா?"

"கணக்கா? கடைக்காரர் 'பிட் ஆகும்'னு சொன்னார்."

பிட் ஆகும். இந்த இரண்டு வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் டைரியைக் கிழித்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து வரச் சொன்னேன்.

அவன் காரில் கம்பெனி போட்டிருந்த டயர் 185/60 ஆர் 15. பக்கத்திலேயே 84எச் என்று இருக்கும். நம்மில் பலரும் முப்பது வருஷமாகக் கார் வைத்திருந்தாலும் இந்த எழுத்தைப் படித்துப் பார்த்திருக்க மாட்டோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அளவு அல்ல, சதவீதம். அகலத்தில் 60 சதவீதம் டயரின் பக்கச் சுவர் உயரம். அதாவது 111 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அது மட்டும் இஞ்ச். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், இஞ்ச் மூன்றையும் கலந்து வைத்த புண்ணியவான் யாரோ! 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும். (செக்காலை ரோட்டில் அல்ல.)

எங்கள் பஸ் டயரில் இந்தக் குழப்பமே கிடையாது. 9.00-20 என்று இருக்கும். ஒன்பது இஞ்ச் அகலம், இருபது இஞ்ச் ரிம், அவ்வளவுதான். பக்கச் சுவரும் ஏறக்குறைய அதே ஒன்பது இஞ்ச் இருக்கும்.

இப்போது கணக்கு. 15 இஞ்ச் என்றால் 381 மி.மீ. அதோடு மேலே ஒரு 111, கீழே ஒரு 111. மொத்தம் 603. இதுதான் சக்கரத்தின் முழு உயரம். இதை ஒட்டித்தான் வேகம் காட்டும் முள், கியர், ஏ.பி.எஸ். எல்லாம் கம்பெனியில் அமைத்திருப்பார்கள். ரிம்மைப் பெரிதாக்கினால் அந்த அளவுக்கு டயரின் சுவரைக் குறைத்து, மொத்த உயரத்தை ஏறக்குறைய அங்கேயே நிறுத்த வேண்டும். மூன்று சதவீதம் வரை கூடலாம், குறையலாம் என்பது இந்தத் தொழிலில் வழக்கம்.

அவன் கேட்ட டயர் 215/40 ஆர் 17. போட்டுப் பார்த்தேன். 431.8, அதோடு 86-ம் 86-ம். 603.8. ஒரு மில்லிமீட்டர் கூட வித்தியாசம் இல்லை!

"பாத்தீங்களா ஐயா!" என்று துள்ளினான்.

"இரு அப்பு. உயரம் சரி. சுவர் எவ்வளவு ஆச்சு?"

111 இருந்த இடத்தில் 86. ஒரு இஞ்ச் போச்சு. காற்று அடைபட்டு நின்று அடியை வாங்குகிற இடம் அந்தச் சுவர்தான். குழியில் விழுந்தால் டயர் நசுங்கி ரிம்மைக் காப்பாற்றும். சுவர் குட்டையாக இருந்தால் குழியின் விளிம்பு நேராக ரிம்மைக் கடிக்கும். அலாய் ரிம் இரும்பு மாதிரி வளைந்து கொடுக்காது, விரிசல் விடும். டயருக்குள் நூல் அறுந்து பக்கத்தில் கொழுக்கட்டை மாதிரி வீங்கும். அந்த வீக்கத்துக்கு ஒட்டும் கிடையாது, வைத்தியமும் கிடையாது. டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

நம் பக்கத்து வண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொண்டேன். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்றைக்கும் சாத்தி வைத்திருக்கிறார்கள், ஹோட்டல்காரர்கள் வாங்கிப் போய் விளக்கு மாட்டுகிறார்கள். குடம், ஆரக்கால், வட்டை, அதன் மேல் இரும்புப் பட்டை. பட்டை போடுகிற ஆசாரி மரச் சக்கரத்தின் சுற்றளவை அளந்து, பட்டையை அதைவிடத் துளி சின்னதாக அடிப்பார். வறட்டி அடுக்கித் தீ மூட்டிப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சினால் விரியும். நாலு பேர் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்கி, புகை கிளம்பக் கிளம்பத் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கி மரத்தை இறுக்கும்போது ஆரக்கால் எல்லாம் 'கிரீச்'சென்று ஒரு சத்தம் போடும். துளி பெரிசாய்ப் போனால் பட்டை வழியில் கழன்று ஓடும், ரொம்பச் சின்னதாய்ப் போனால் ஆரக்கால் முறியும். அவரிடம் கால்குலேட்டர் இருந்ததா என்ன? நம் ஜில்லாவில் மாட்டு வண்டிப் பந்தயத்துக்குப் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து ஓட்டுகிறார்களே, அந்த வண்டிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். நமக்கு ஸ்போர்ட்ஸ் கார் அதுதான். சக்கரத்தில் எடை ஏறினால் மாடு எத்தனை அடி பின்தங்கும் என்று சொல்வார்கள். காருக்கும் அதேதான். பெரிய ரிம் பெரும்பாலும் கனமான ரிம். 105 குதிரையில் நாலைந்து குதிரை அதைச் சுழற்றவே போய்விடும் என்று பேரனிடம் சொன்னேன். நாலைந்து என்பது நான் மிரட்டுவதற்காகச் சொன்னது. ஆனால் பிக்கப் குறையும் என்பது நிஜம்.

அவன் முகம் கொஞ்சம் வாடியது. அடுத்த கேள்வியைக் கேட்டேன். "ரிம் அகலம் என்ன? ஆஃப்செட் என்ன?"

ஆஃப்செட் என்பதை எளிதாகச் சொல்கிறேன். ரிம்மின் அகலத்தில் நட்ட நடுவே ஒரு கோடு போடுங்கள். ரிம் ஹப்போடு ஒட்டுகிற முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு வெளிப்பக்கமாகத் தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். ஈ.டி. 40 என்று ரிம்மின் உள்பக்கம் அடித்திருப்பார்கள். 40 மி.மீ. என்று அர்த்தம். இந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே துருத்தும்.

அவன் பழைய ரிம் 6 இஞ்ச் அகலம், ஈ.டி. 40. புது ரிம் ஏழரை இஞ்ச், ஈ.டி. 35. தாளில் போட்டோம். பழையது ஹப் முகத்திலிருந்து வெளியே 36 மி.மீ., உள்ளே 116. புதியது வெளியே 60, உள்ளே 130. அதாவது வெளிப்பக்கம் 24 மி.மீ. துருத்தும், உள்பக்கம் ஷாக் அப்சார்பரை நோக்கி 14 மி.மீ. நெருங்கும். நாலு பேர் ஏறி உட்கார்ந்து, வேகத்தடையில் வண்டி அமுங்கும்போது டயர் மட்கார்டு விளிம்பில் உரசும். வீல் பேரிங் மேல் விழுகிற பாரமும் கூடும்.

"கடைக்காரர் இதையெல்லாம் சொல்லவே இல்லையே."

"அவர் ரிம் விக்கிறவரு. நான் பஞ்சர் பார்த்தவன்."

அப்புறம் நான் கேட்டது பி.சி.டி. போல்ட் ஓட்டைகளின் மையங்கள் வழியே ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம். போலோவுக்கு ஐந்து ஓட்டை, 100 மி.மீ. வட்டம். நாலு ஓட்டை இருந்தால் எதிரெதிர் ஓட்டையை ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். ஐந்து ஓட்டைக்கு எதிரே ஓட்டை இருக்காது. பக்கத்து ஓட்டைக்கு எவ்வளவு என்று அளந்து 0.588-ஆல் வகுக்க வேண்டும். 58.8 வந்தால் 100 மி.மீ. வட்டம். இதைச் சொல்லும்போது என் குரல் மாறியிருக்க வேண்டும். பேரன் என்னையே பார்த்தான்.

"ஏன் ஐயா இதுக்கு மட்டும் இவ்வளவு கோபமா பேசுறீங்க?"

இருபது வருஷத்துக்கு மேலாக நான் யாரிடமும் விவரமாகச் சொல்லாத விஷயம் அது. அன்றைக்குச் சொன்னேன். இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தார். சென்னை வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில் செய்தது. நாலு கதவு, 948 சி.சி. சின்னச் சந்தில் கூட ஒரே ஒடியில் திரும்பும். முன் பானட்டை மட்கார்டோடு சேர்த்து அப்படியே முன்பக்கமாகத் தூக்கலாம், பானட்டைத் திறந்து டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். இங்கிலாந்தில் இதே குடும்பத்தில்தான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற அசல் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அண்ணனுக்கு அந்தப் பெருமை உண்டு. 'இதுக்கு மேல இருக்கிற சட்டையைக் கழட்டிட்டா ஸ்போர்ட்ஸ் கார்தான் தம்பி' என்பார்.

2001-ஆம் வருஷம். வண்டி கிழடாகிவிட்டது. ரிம் துருப்பிடித்து, டயர் சைஸ் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. நான் மதுரையில் பழைய சாமான் கடையில் நாலு அலாய் ரிம் பார்த்தேன். ஃபியட் ஊனோ காருடையது. 13 இஞ்ச், ஹெரால்டுக்கும் 13 இஞ்ச். அதற்கும் நாலு ஓட்டை, இதற்கும் நாலு ஓட்டை. விலையும் மலிவு. 'பிட் ஆகும்ணே' என்று நான்தான் சொன்னேன். டயர் செக்ஷன்காரன் சொன்னால் அண்ணன் மறுப்பாரா?

ஹெரால்டின் பி.சி.டி. மூன்றே முக்கால் இஞ்ச், அதாவது 95.25 மி.மீ. ஊனோவுக்கு 98. இரண்டே முக்கால் மில்லிமீட்டர் வித்தியாசம். கையில் வைத்துப் பார்த்தால் ஸ்டட்டில் மாட்டுகிற மாதிரி இருக்கும், ஆனால் முழுசாக உட்காராது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அரம் எடுத்து நாலு ஓட்டையையும் உள்பக்கமாகக் கொஞ்சம் ராவினேன். உட்கார்ந்தது. நட்டை முறுக்கினேன். நட்டின் கூம்பு முகம் ஓட்டையின் கூம்பில் ஒரு பக்கம் மட்டும் பட்டு நின்றது. அதுவும் போதாதென்று அலாய் ரிம் இரும்பு ரிம்மைவிடத் தடிமன். ஸ்டட் நீளம் பற்றவில்லை. நட்டு நாலு சுற்றுதான் பிடித்தது. ஆணியின் விட்டம் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாத பாடமா? பஸ்ஸில் யாராவது அப்படி மாட்டியிருந்தால் ஷெட்டை விட்டு வெளியே விட்டிருக்க மாட்டேன். சொந்த வீட்டு வண்டி என்றதும் கண்ணை மூடிக்கொண்டேன்.

பதினைந்து நாள் ஓடியது. கார்த்திகை அன்று அண்ணனும் மதினியும் குன்றக்குடிக்குக் கிளம்பினார்கள். வழியில் 'டக் டக்' என்று சத்தம் வந்ததாம். கோயிலுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணன் ஓட்டியிருக்கிறார். முன் இடது சக்கரம் கழன்று வண்டிக்கு முன்னால் ஓடியிருக்கிறது. வண்டி சாய்ந்து உரசிக்கொண்டே போய்ப் புளிய மரத்தில் மோதியது. வேகம் நாற்பதுதான் இருக்கும். அண்ணனுக்கு நெற்றியில் ஆறு தையல். மதினிக்கு இடது முழங்கை நொறுங்கிப் போனது. இரண்டு ஆபரேஷன். இன்றைக்கும் அந்தக் கை முழுசாக நீளாது.

அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருஷமே ஹெரால்டைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டார். 2011-இல் அவர் போகிற வரைக்கும் அந்தக் காரைப் பற்றி எங்களுக்குள் பேச்சு வந்ததில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல ராத்திரி நினைத்திருக்கிறேன்.

பேரன் ரொம்ப நேரம் பேசவில்லை. "பெரிய அப்பத்தா கீழ விழுந்து கை ஒடிஞ்சதுன்னுதானே சொல்லுவாங்க?" என்றான்.

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

மறுநாள் காலையில் அவனே வந்தான். பதினேழு வேண்டாமாம். ஆனால் பதினைந்தும் பார்க்கச் சப்பையாக இருக்கிறதாம். தேடிப் பார்த்ததில் இதே போலோவுக்குக் கம்பெனியே பிறகு 16 இஞ்ச் கொடுத்திருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறான். 2017 வாக்கில், 195/55 ஆர் 16. கணக்கையும் அவனே போட்டு வந்திருந்தான். உயரம் 621. மூன்று சதவீதம் கூடுதல், எல்லைக் கோட்டில் நிற்கிறது. சுவர் 107, நாலு மில்லிமீட்டர்தான் குறைவு. முள் 100 காட்டும்போது வண்டி 103-இல் போகும், அதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ரிம் ஆறரை இஞ்ச், ஈ.டி. 40. உள்ளே வெளியே இரண்டு பக்கமும் ஆறு ஆறு மில்லிமீட்டர்.

சட்டமும் பார்க்க வேண்டும் என்றேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. நாளைக்கு ஒன்று ஆனால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது சக்கரத்தைத்தான். அதனால் மாடலையும் சைஸையும் எழுதி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி, சம்மதம் என்று பதில் வந்த பிறகே கடைக்குப் போனோம். பயல் முனகினான். நான் விடவில்லை.

மாட்டுப் பொங்கல் கழித்துத் திருச்சியில் ஒரு கடை. கண்ணாடிக் கதவு, ஏசி, காபி எல்லாம் உண்டு. வெளியே ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி, சக்கரம் மாட்டுகிற இடத்திலேயே போட்டு உட்கார்ந்துகொண்டேன். அங்கே வேலை பார்த்த தம்பிக்கு அது பிடிக்கவில்லை.

ரிம்மின் நடு ஓட்டையைப் பார்த்தேன். 73 மி.மீ. போலோவின் ஹப் 57.1. எல்லா காருக்கும் பொருந்தட்டும் என்று வெளி ரிம்களில் பெரிசாக வைத்துவிடுவார்கள். இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் நடுவில் உட்காராமல் எண்பதில் ஸ்டியரிங் நடுங்கும். வளையம் கேட்டேன், உள்ளேயிருந்து கொண்டு வந்தார்கள். சரி.

அடுத்து அந்தத் தம்பி பழைய ரிம்மில் கழற்றிய போல்ட்டுகளையே எடுத்துப் புது ரிம்மில் மாட்டப் போனான்.

"தம்பி, நில்லுப்பா. அந்த போல்ட்டைக் கொடு."

ஃபோக்ஸ்வேகன் போல்ட்டின் தலைக்கு அடியில் இருக்கிற முகம் பந்து மாதிரி உருண்டையாக இருக்கும். கம்பெனி ரிம்மின் ஓட்டையும் அதற்கேற்ற குழிவு. இந்தப் புது ரிம்மின் ஓட்டை கூம்பு. உருண்டையைக் கூம்பில் வைத்தால் ஒரு மெல்லிய வட்டக் கோட்டில் மட்டும் படும். முறுக்கும்போது இறுக்கமாகத்தான் தெரியும். நூறு இருநூறு கிலோமீட்டரில் அலாய் நசுங்கித் தளர்ந்துவிடும். போல்ட்டை ஓட்டையில் வைத்து, பேரனை விரலால் ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். ஆடியது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

கடை முதலாளி வந்தார். "இத்தனை நாள் இப்படித்தான் சார் மாட்டுறோம், ஒண்ணும் ஆனதில்லை" என்றார். நான் சண்டை போடவில்லை. கூம்பு போல்ட் இருபது வேண்டும், இல்லையென்றால் பழைய சக்கரத்தையே மாட்டுங்கள் என்றேன். ஒன்றரை மணி நேரம் கழித்து எங்கிருந்தோ வந்தது. ஒவ்வொன்றையும் கையாலேயே திருகச் சொல்லி எத்தனை சுற்றுப் பிடிக்கிறது என்று எண்ணினேன். ஒன்பது. மெஷினைத் தொட விடவில்லை. டார்க் ஸ்பேனரில் 120 நியூட்டன் மீட்டர் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக முறுக்க வைத்தேன். நாற்காலியை விட்டு எழும்போது முட்டி பிடித்துக்கொண்டது. பேரன்தான் கை கொடுத்தான்.

திருமயம் தாண்டி, கோட்டை பின்னால் மறைகிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். எண்பது கிலோமீட்டர் வாக்கில் ஆகியிருந்தது. இருபது போல்ட்டையும் மறுபடி முறுக்கிப் பார்த்தான். இரண்டு மட்டும் துளி நகர்ந்தது, மற்றதெல்லாம் 'க்ளிக்' என்றது.

காரைக்குடிக்கு வந்ததும் நேராக மதினி வீட்டுக்கு விட்டோம். வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். எண்பத்தொரு வயசு. "ரொம்ப அழகா இருக்குடா ராசா" என்றார்கள். கொப்புடையம்மன் கோயில் வரைக்கும் ஒரு சுற்றுக் கூட்டிப் போகிறேன் என்று பேரன் முன் கதவைத் திறந்தான். இடது பக்க சீட்டு. நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றேன்.

மதினி அந்த வளைந்த கையைக் கதவில் ஊன்றி ஏறி உட்கார்ந்து, சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, பெல்ட்டையும் மாட்டச் சொல்லி, என்னைப் பார்த்துக் கேட்டார்கள்:

"நட்டெல்லாம் நீதானே முறுக்குன?"

"இல்ல மதினி. அவன் முறுக்குனான். நான் எண்ணுனேன்."

"அப்ப சரி, போகலாம்" என்றார்கள்.